நீராகாரமும் மாம்பழமும்



பால் சேராத பழ ஸ்மூத்தியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வெறும் பழக்கூழ் இல்லை. குடலுக்கு நன்மை செய்யும் நுண்ணுயிரிகள் உயிரோடு இருக்கிற பானத்தைச் சேர்த்து, வீட்டு மிக்ஸியிலேயே அடித்துக்கொள்ளும் ஸ்மூத்தி. ஒரு டம்ளர் பானத்துக்கு ஒரு சொற்பொழிவா என்று சிலருடைய முகத்தில் கேள்வி தெரிகிறது. நியாயமான கேள்விதான். ஆனால் அந்த டம்ளரைச் சுற்றி இரண்டு நம்பிக்கைகள் வேரூன்றிவிட்டன. நல்ல நுண்ணுயிரி வேண்டுமானால் பாலோ தயிரோ வேண்டும் என்பது ஒன்று. அதைக் கடையில் குப்பியாகத்தான் வாங்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் ஆதாரம் போதாது என்பது என் வாதம். பழைய சோற்றுப் பானையும் ஒரு மாம்பழமும் இருக்கிற வீட்டில் இந்தப் பானத்துக்கு வேண்டியவை ஏறக்குறைய எல்லாமே இருக்கின்றன.

முதல் நம்பிக்கை எங்கிருந்து வந்தது? பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றிய எலி மெட்ச்னிகாஃப், 1908ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். அந்தப் பரிசு நோய் எதிர்ப்பாற்றல் பற்றிய ஆய்வுக்காகக் கிடைத்தது. ஆனால் பொதுமக்கள் நினைவில் அவர் நின்றது, பல்கேரிய நாட்டுப்புற மக்களின் நீண்ட ஆயுளுக்கும் அவர்கள் உண்ட புளித்த பாலுக்கும் அவர் போட்ட முடிச்சினால்தான். அடுத்து வந்தவர் ஜப்பானின் மினோரு ஷிரோட்டா. 1930இல் கியோட்டோவில் லாக்டோபேசிலஸ் என்ற நுண்ணுயிரியின் ஒரு வகையைப் பிரித்தெடுத்து வளர்த்தார். 1935இல் அது யாகுல்ட் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. கொழுப்பு நீக்கிய பாலில் புளிக்க வைத்த பானம் அது. அந்தச் சிறிய குப்பி உலகம் முழுதும் பரவியபோது, நுண்ணுயிரியும் பாலும் பிரிக்க முடியாதவை என்ற எண்ணமும் கூடவே பரவியது. கவனியுங்கள், இது வரலாறு செய்த வேலை. முதலில் ஆராய்ந்தவர்களின் கையில் பால் இருந்தது. ஆகவே பாலில் வளர்த்தார்கள். நுண்ணுயிரிக்குப் பால் இல்லாமல் முடியாது என்று அவர்கள் யாரும் நிறுவவில்லை.

நிறுவவும் முடியாது. இந்த நுண்ணுயிரிகளுக்கு வேண்டியது மாவோ சர்க்கரையோ இருக்கிற ஈரமான ஓர் இடம். முட்டைக்கோஸ் இலையில் இருக்கின்றன, அரிசியில் இருக்கின்றன, பச்சை மிளகாயின் காம்பில் இருக்கின்றன. காம்பிலா என்று கேட்கிறீர்களா? பால் சாப்பிடாத வீடுகளில் நிலக்கடலைத் தயிர் உறைவது அதனால்தானே! ஊறிய கடலையை அரைத்து, வடிகட்டி, கொதிக்க வைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, கழுவிய மிளகாய்க் காம்பு ஏழெட்டை அதில் போட்டு மூடி வைத்தால் இரவுக்குள் உறையத் தொடங்கும். முதல் உறை சற்று நீர்த்திருக்கும். அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து அடுத்த முறை உறை ஊற்றினால் கெட்டியாக வரும். பசுவும் இல்லை, எருமையும் இல்லை. தயிர் மட்டும் இருக்கிறது.

சரி, இது வீட்டுப் பழக்கம், விஞ்ஞானம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களை ஸ்வீடனுக்கு அழைத்துச் செல்கிறேன். லுண்ட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், மருத்துவமனையில் குழாய் வழியாக உணவு பெறும் நோயாளிகளுக்காக ஒரு கஞ்சியை உருவாக்கினார்கள். ஓட்ஸ் கஞ்சி. அதை லாக்டோபேசிலஸ் பிளான்டாரம் 299வி என்ற வகையால் புளிக்க வைத்தார்கள். பிறகு அந்தப் புளித்த கஞ்சியை நூற்றுக்கு ஐந்து பங்கு என்ற அளவில் பழச்சாற்றில் கலந்தார்கள். 1994இல் ப்ரோவிவா என்ற பெயரில் கடைக்கு வந்த அந்தப் பானத்தில் பாலின் சாயலே கிடையாது. ஆனால் லிட்டருக்கு 5,000 கோடி நுண்ணுயிரிகள் உயிரோடு இருந்தன. புளித்த கஞ்சி, அதில் பழம்! இதைக் கேட்கும்போது உங்களுக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லையா? மாம்பழக் காலத்தில் பழைய சோற்றுக்கு மாம்பழத்தைத் துணையாக வைத்துச் சாப்பிடுகிற வழக்கம் நம்மிடம் எத்தனை ஊர்களில் இருக்கிறது! அவர்கள் ஓட்ஸில் செய்ததற்கு நம்மிடம் அரிசி இருக்கிறது, கேழ்வரகு இருக்கிறது, கம்பு இருக்கிறது.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். புளித்ததெல்லாம் உயிருள்ளது ஆகாது. இட்லி மாவு உயிருள்ளது. இட்லி உயிருள்ளதா? ஆவியில் வெந்தபோதே அந்த நுண்ணுயிரிகள் மடிந்துவிட்டன. இட்லி எளிதில் செரிக்கும், சத்துள்ளது, எல்லாம் உண்மை. ஆனால் உயிருள்ள நுண்ணுயிரியை அதில் தேடக் கூடாது. கேழ்வரகுக் கூழைப் பாருங்கள். மாவைக் கரைத்து ஓர் இரவு புளிக்க வைக்கிறார்கள், பிறகு நொய் சேர்த்துக் காய்ச்சுகிறார்கள். காய்ச்சும்போது முதல் நாள் வளர்ந்தவை போய்விடும். ஆனால் காய்ச்சிய கூழை மறுபடி ஓர் இரவு வைத்து மறுநாள்தானே கரைத்துக் குடிக்கிறோம்? அந்த இரண்டாவது இரவில்தான் உயிர் திரும்பி வருகிறது. நீராகாரமும் அப்படித்தான். வெந்த சோற்றில் நீர் ஊற்றி வைத்த பிறகு நடக்கும் புளிப்பு அது. அதற்குப் பின் அடுப்பு இல்லை. ஸ்மூத்திக்கு நாம் தேடும் பானத்துக்கு இதுதான் இலக்கணம்: புளித்த பின் சூடு காணாதது.

இப்போது பாலை விட்டுவிடுவதால் என்ன லாபம் என்று பார்ப்போம். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு லாபம் என்பது வெளிப்படை. உலக மக்களில் ஏறத்தாழ மூவரில் இருவருக்குக் குழந்தைப் பருவம் தாண்டியபின் பாலின் சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்கும் திறன் குறைந்துவிடுகிறது. இந்தியாவிலும் வடக்கைவிடத் தெற்கில் இது கூடுதல். இவர்களில் பலருக்குத் தயிர் தொல்லை தராது, ஏனென்றால் தயிரின் நுண்ணுயிரிகளே லாக்டோஸின் ஒரு பகுதியைக் கையாண்டுவிடுகின்றன. அந்த உண்மையை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பாலின் புரதமே ஒவ்வாதவர்களுக்குத் தயிரும் மோரும் ஆகாது. விலங்குப் பொருள் வேண்டாம் என்று முடிவு செய்தவர்களுக்கும் ஆகாது. இவர்கள் இருக்கட்டும். பால் நன்றாக ஒத்துக்கொள்கிறவர்களுக்குக்கூட ஒரு லாபம் உண்டு. அது நம் பழங்களின் குணத்தில் இருக்கிறது.

பப்பாளியையும் பாலையும் சேர்த்து அடித்துச் சற்று நேரம் வைத்துப் பாருங்கள். கசக்கும். அன்னாசியும் அப்படியே. பப்பாளியில் பப்பைன், அன்னாசியில் புரோமிலைன் என்று புரதத்தை உடைக்கும் நொதிகள் இருக்கின்றன. அவை பாலின் கேசின் புரதத்தைத் துண்டாக்கும்போது கசப்பான துண்டுகள் பிறக்கின்றன. புளிப்புப் பழமானால் பால் திரிந்தே போகும். பாலையும் புளிப்புப் பழத்தையும் ஒன்றாகச் சேர்க்காதே என்று ஆயுர்வேதம் சொல்லும் காரணம் வேறு. ஆனால் சமையலறையில் கண்ணுக்குத் தெரியும் காரணம் இது. நமக்கு மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்கும் பழங்கள் எவை? பப்பாளி, அன்னாசி, சாத்துக்குடி, நாவல், மாம்பழம். இவற்றில் பாதிக்கு மேல் பாலோடு ஒத்துப்போகாதவை. பாலை எடுத்துவிட்டால் இந்தச் சண்டையே இல்லை. அன்னாசி ஸ்மூத்தி முதல் மடக்கில் எப்படி இருந்ததோ அப்படியே கடைசி மடக்கு வரை இருக்கும்.

செய்முறைக்கு வருவோம். இதைச் சற்று நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வாதம் நிற்பதும் விழுவதும் இங்கேதான். இரவு மிஞ்சிய சோற்றை வெகுநேரம் வெளியில் கிடக்க விடாமல் சீக்கிரம் ஆறவைத்து, காய்ச்சி ஆறிய நீரைச் சோறு மூழ்கும்படி ஊற்ற வேண்டும். உப்பு வேண்டாம். முந்தைய நாள் நீராகாரம் ஒரு கரண்டி இருந்தால் விட்டுக்கொள்ளலாம். புளிப்பு சீக்கிரம் ஏறும், சீக்கிரம் ஏறினால் கெட்ட கிருமிகளுக்கு இடம் குறையும். சிலர் இந்த இடத்தில் மோர் ஒரு கரண்டி விடுவார்கள். விட்டால் அது பால் இல்லாத பானம் ஆகாது. பால் ஒவ்வாமை உள்ளவருக்கு அந்த ஒரு கரண்டியே போதும், தொல்லைக்கு. மண்சட்டியோ எவர்சில்வர் பாத்திரமோ, மூடி வையுங்கள். சென்னையின் மே மாதத்தில் எட்டு மணி நேரம் தாராளம். கொடைக்கானலில் அதற்கு மேலும் ஆகும். காலையில் முகர்ந்து பாருங்கள். மென்மையான புளிப்பு மணம் வர வேண்டும். நூல் நூலாக இழுத்தாலோ, மேலே நிறம் படர்ந்திருந்தாலோ, முகம் சுளிக்கும் வாடை வந்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

மாம்பழத் துண்டுகளை முந்தைய இரவே பிரிட்ஜில் வைத்துவிட்டால் ஐஸ் கட்டி தேவைப்படாது. நடுத்தர அளவுப் பழம் ஒன்று இருவருக்குப் போதும். மிக்ஸி ஜாரில் முதலில் பழம், ஒரு கைப்பிடி பழைய சோறு, சுண்டுவிரல் நகம் அளவு இஞ்சி. சோறு எதற்கு? தயிர் கொடுக்கிற திண்மையைக் கொடுப்பதற்கு. வாழைப்பழமோ பாதாமோ தேட வேண்டியதில்லை. நொய்ந்த சோறு அரைபட்டதும் வழவழவென்று பழத்தோடு கலந்துவிடும். நன்றாக அரைபட்ட பிறகு ஜாரைத் திறந்து, நீராகாரத்தை ஒரு டம்ளர் ஊற்றி, ஒரே ஒரு சுற்று. அவ்வளவுதான். நீராகாரம் கடைசியில் ஏன்? வெகுநேரம் ஓடினால் ஜார் சூடாகும், அந்தச் சூடு வேண்டாம். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. சிலர் வீட்டில் புளித்த தேநீரான கொம்புச்சா வைத்திருப்பீர்கள், இஞ்சிச் சர்க்கரை நீரைப் புளிக்க வைத்திருப்பீர்கள். அவற்றில் வாயு இருக்கும். மூடிய ஜாரில் வேகமாக அடித்தால் மூடியைத் தூக்கிக்கொண்டு சமையலறைச் சுவர் வரை மாம்பழம் போகும். அப்படிப்பட்ட பானத்தை மிக்ஸியில் ஊற்றவே வேண்டாம். டம்ளரில் கலந்தால் போதும்.

மிக்ஸி பிளேடில் அந்த நுண்ணுயிரிகள் சாகாதா? மறுப்புகளில் இதுதான் அடிக்கடி எழுவது. இதற்குப் பதில் 1952ஆம் ஆண்டிலேயே கிடைத்துவிட்டது, அதுவும் வேறொரு கேள்விக்கு விடை தேடிய இடத்தில். ஆல்ஃபிரட் ஹெர்ஷியும் மார்த்தா சேஸும், மரபுச் செய்தியைச் சுமப்பது டிஎன்ஏவா புரதமா என்று அறிய ஒரு சோதனை செய்தார்கள். பாக்டீரியாவின் மேல் ஒட்டியிருந்த வைரஸ் கூடுகளைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. அவர்கள் பயன்படுத்திய கருவி என்ன தெரியுமா? வேரிங் பிளெண்டர். சமையலறை மிக்ஸியின் உறவுக்காரன். வைரஸ் கூடுகள் உதிர்ந்தன. பாக்டீரியாக்கள் உடையாமல் நின்றன. இன்றும் உணவில் எத்தனை நுண்ணுயிரி உயிரோடு இருக்கிறது என்று எண்ணும் ஆய்வகங்களில் உணவை பிளெண்டரில் அடித்து எண்ணுகிறார்கள். அடிப்பதில் அவை மடிந்தால் எப்படி எண்ண முடியும்? ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு நீளமுள்ள உயிர் அது. அதை வெட்டும் கூர்மை எந்த மிக்ஸி பிளேடுக்கும் இல்லை.

அடுத்த மறுப்பு இதைவிடக் கனமானது. வீட்டு நீராகாரத்தைப் புரோபயாடிக் என்று சொல்ல உனக்கு என்ன உரிமை என்று ஒரு நுண்ணுயிரியல் மாணவர் கேட்கலாம். சரியான கேள்வி. 2001இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் கூட்டிய நிபுணர் குழு ஒரு வரையறை கொடுத்தது: உயிரோடு இருக்க வேண்டும், போதிய அளவில் இருக்க வேண்டும், உட்கொள்பவருக்கு நன்மை தர வேண்டும். எந்த வகை நுண்ணுயிரி என்று அடையாளம் காணப்பட்டிருக்கவும் வேண்டும். நம் நாட்டில் 2016ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிமுறை, புரோபயாடிக் என்று விற்கும் பொருளில் நாளொன்றுக்குச் சாப்பிடும் அளவில் 10 கோடிக்குக் குறையாத உயிர்கள் இருக்க வேண்டும் என்றது. நம் பானையில் எந்த வகை, எத்தனை கோடி என்று யாரும் எண்ணித் தரவில்லை. ஆகவே கண்டிப்பான பொருளில் அது புரோபயாடிக் ஆகாது. உயிருள்ள புளித்த பானம் என்பதே அதற்குத் தகும் பெயர். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதனால் அது பயனற்றதாகிவிடுமா? அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 36 பேரை இரு குழுவாகப் பிரித்து 10 வாரம் நடத்திய சோதனை 2021இல் வெளியானது. புளித்த உணவுகளை அதிகம் உண்ட குழுவினரின் குடலில் நுண்ணுயிரிகளின் பன்மை கூடியது. இரத்தத்தில் அழற்சியோடு தொடர்புடைய 19 புரதங்கள் குறைந்தன. அவர்கள் உண்டவற்றில் தயிர் உண்டு, கொம்புச்சா உண்டு, காய்கறி புளித்த நீரும் உண்டு. சிறிய சோதனைதான், ஒரே சோதனைதான். ஆனால் பயன் இருக்க வேண்டுமானால் முத்திரை குத்திய குப்பியாக இருக்க வேண்டும் என்ற வாதத்தை அது பலவீனப்படுத்துகிறது. குறிப்பிட்ட நோய்க்குக் குறிப்பிட்ட வகையை மருத்துவர் எழுதிக் கொடுத்தால் அதை வாங்குங்கள். அதற்கு நீராகாரம் மாற்று இல்லை.

நீராகாரத்தின் பக்கம் நின்று பேசுகிறவர்கள் சிலர் செய்யும் மிகையையும் சொல்லாமல் விட முடியாது. இரவில் ஊறிய சோற்றில் இரும்புச்சத்து இருபது மடங்கு பெருகிவிடும் என்று ஒரு செய்தி கைபேசிகளில் சுற்றுகிறது. எங்கிருந்து பெருகும்? இரும்பு ஒரு தனிமம். எந்த நுண்ணுயிரியாலும் அதைப் புதிதாகப் படைக்க முடியாது. தானியத்தில் இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் பைட்டேட் என்ற பொருள் புளிக்கும்போது சிதைந்து, இருக்கிற இரும்பை உடல் எடுத்துக்கொள்வது எளிதாகலாம். உண்மை அந்த அளவுக்குத்தான். நல்ல உணவுக்குப் பொய்யான சான்றிதழ் தேவையில்லை.

பாலை விட்டால் கால்சியம் போய்விடுமே என்பது தாய்மார்களின் கவலை. 100 மில்லி பாலில் ஏறக்குறைய 120 மில்லிகிராம் கால்சியம். 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம். ஆனால் ஒரு டம்ளர் கூழில் 100 கிராம் மாவு போகாது. அதில் உள்ளது முழுதும் உடலில் சேர்ந்துவிடவும் செய்யாது. ஆகவே சோற்றுக்குப் பதில் புளித்த கேழ்வரகுக் கூழை வைத்து, ஒரு கரண்டி எள்ளும் சேர்த்து அடித்தால் ஓரளவு ஈடாகும் என்று மட்டும் சொல்கிறேன். வைட்டமின் பி12க்கு இந்த ஈடும் கிடையாது. தாவரத்தில் அது இல்லை. புளிக்க வைப்பதால் நம்பும்படியாகக் கிடைப்பதும் இல்லை. பாலையும் முட்டையையும் முற்றிலும் விட்டவர்கள் அதற்குத் தனியே வழி பார்த்துக்கொள்ள வேண்டும்.

சர்க்கரை? இதில் ஸ்மூத்தி விரும்பிகளுக்கு நான் சலுகை காட்டப்போவதில்லை. பழம் அரைபட்டபின் மெல்லும் வேலை போய்விடுகிறது. மூன்று பழத்தை உட்கார்ந்து தின்ன முடியாதவர் மூன்று பழத்தின் ஸ்மூத்தியை இரண்டு நிமிடத்தில் குடித்துவிடுவார். பிரிட்டனின் தேசியச் சுகாதாரச் சேவை பழச்சாறும் ஸ்மூத்தியும் சேர்ந்து நாளுக்கு 150 மில்லிக்கு மேல் வேண்டாம் என்கிறது. சிறிய டம்ளர் ஒன்று. நீராகாரம் சேர்ப்பதில் உள்ள வசதியே இங்கேதான்: டம்ளரின் பாதி நீராகாரமானால் பழம் தானே பாதியாகிறது. சர்க்கரையோ, நாட்டுச் சர்க்கரையோ, தேனோ சேர்த்து அந்த வசதியைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். இன்னொரு சிறு செய்தி: 2023இல் வெளியான ஓர் ஆய்வில், வாழைப்பழம் கலந்த ஸ்மூத்தி குடித்தவர்களின் உடலில் ஃபிளவனால் என்ற பொருள் சேர்வது 84 சதவீதம் குறைந்திருந்தது. வாழையில் உள்ள, பழத்தைக் கறுக்க வைக்கும் நொதியே காரணம் என்று கண்டார்கள். வாழைப்பழம் கெட்டது என்று யாரும் கிளம்ப வேண்டாம். ஃபிளவனால் நிறைந்த திராட்சையை அடிக்கும்போது வாழையைச் சேர்க்காமல் தனியே உரித்துச் சாப்பிட்டால் தீர்ந்தது.

அடித்ததை எப்போது குடிப்பது? அப்போதே. புளித்த பானத்துக்குள் பழச் சர்க்கரை போனதும் உள்ளே இருக்கும் ஈஸ்ட்டுக்குப் புது விருந்து. பள்ளிக்கு எடுத்துச் செல்லும் பாட்டிலில் இறுக மூடி வைத்தால் மதியத்துக்குள் வாயு சேரும், சிறிதளவு ஆல்கஹாலும் சேரலாம். குழந்தைக்குக் கொடுப்பதானால் வீட்டிலேயே, அடித்த கையோடு கொடுங்கள்.

யாருக்கு வேண்டாம் என்பதையும் சொல்லிவிட்டு அமர்கிறேன். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்று அறுவைக்குப் பின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உண்பவர்கள், கைக்குழந்தைகள் ஆகியோருக்கு வீட்டில் புளிக்க வைத்த எதுவும் மருத்துவரைக் கேட்காமல் கூடாது. குறைமாதக் குழந்தைகளுக்குப் புரோபயாடிக் கொடுப்பதன் ஆபத்து பற்றி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2023இல் எச்சரித்தது. ஆய்வகத்தில் தயாரானவற்றுக்கே அந்த எச்சரிக்கை. சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் வேகும்போதும் பிழைத்திருக்கும்; சோறு வெதுவெதுப்பாக வெளியில் கிடந்தால் அவை முளைத்து நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. சோற்றைச் சீக்கிரம் ஆறவைக்கச் சொன்னதும், பழைய நீராகாரம் ஒரு கரண்டி விடச் சொன்னதும் இதற்காகத்தான். முதல் முறை செய்கிறவர்கள் அரை டம்ளரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வயிறு உப்புசமாக இருந்தால் இரண்டு நாள் விட்டு மறுபடி பாருங்கள். கேழ்வரகுக் கூழில் செய்வது பற்றியும் கடலைத் தயிர் பற்றியும் இன்னும் கேட்க விரும்புகிறவர்களுக்காகக் கூட்டம் முடிந்தபின் இங்கேயே இருப்பேன்.